மாடஸ்டி கிட்: இறக்குமதிப் பெட்டியா, திருப்பூர்த் தையலா?

திரையில் நிர்வாணமாகத் தெரியும் உடம்பு, செட்டில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கேமரா பார்க்காத பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி ஒட்டியிருக்கும். மார்பில் சிலிக்கான் மூடி. கூட நடிப்பவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஃபோம் துண்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் போட்ட பெட்டிக்கு மாடஸ்டி கிட் என்று பெயர். பொள்ளாச்சி, சேத்துமடை, கோபி என்று அவுட்டோர் வரும் யூனிட்டின் காஸ்ட்யூமருக்கு இப்போதைக்கு இரண்டு வழிதான். ஒன்று, ஆன்லைனில் வரும் இறக்குமதிப் பெட்டி. இன்னொன்று, திருப்பூரில் ஒரு சாம்பிள் டைலரிடம் அளவு கொடுத்துத் தைத்து வாங்குவது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்புரை இது.

துணி மெத்தென்று இருக்கிறதா, பசை நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் இந்தப் பொருளைப் பாதிதான் சோதித்ததாகும். பத்து, இருபது, ஐம்பது வருஷம் கழித்து நடிகைகள் தங்கள் ஆரம்பகால நிர்வாணக் காட்சியைப் பற்றி என்ன குறை சொன்னார்கள், அந்தக் குறை இந்தப் பெட்டி இருந்திருந்தால் தீர்ந்திருக்குமா என்று கேட்க வேண்டும். கீழே உள்ள மதிப்பெண்கள் அந்தக் கணக்கில் போட்டவை.

முதலில் நிறம். ஷரோன் ஸ்டோன் 2021-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், 1992-இல் வந்த 'பேசிக் இன்ஸ்டிங்க்ட்' படத்தின் விசாரணைக் காட்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளாடையின் வெள்ளை நிறம் லைட்டை அடித்துத் திருப்புகிறது, கழற்றிவிடுங்கள், ஒன்றும் தெரியாது என்று செட்டில் தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், பிறகு ஏஜென்டுகளும் வக்கீல்களும் நிறைந்த அறையில் படத்தைப் பார்த்தபோதுதான் எது தெரிகிறது என்று தனக்கே தெரிந்தது என்றும் அவர் சொல்கிறார். இயக்குநர் பால் வெர்ஹோவன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டோனுக்குத் தெரிந்துதான் எடுத்தோம் என்பது அவர் பக்கம். யார் சொல்வது சரி என்று நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் காஸ்ட்யூமருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. 'வெள்ளை ரிஃப்ளெக்ட் ஆகிறது, கழற்றுங்கள்' என்ற பேச்சு எழுந்ததற்குக் காரணம், அந்த இடத்தில் தோல் நிறத்தில் பளபளப்பில்லாத ஒரு மாற்றுத் துணி கையில் இல்லாததுதான். இருந்திருந்தால் அந்தக் காரணத்தையே யாரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த இடத்தில் இறக்குமதிப் பெட்டி தோற்கிறது. அதில் 'நியூட்' என்று போட்டு வரும் துணி வெள்ளைக்காரர் தோலுக்கான பீச் நிறம். கூடவே ஒரு அடர் பிரவுன் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாநிறம், கோதுமை நிறம், மஞ்சள் சாயல் ஓடும் கருப்பு என்று நம்மூர்த் தோல் இருக்கும் இடமெல்லாம் காலி. திருப்பூரிலும் கவனம் வேண்டும். பனியன் கம்பெனிக்காரரிடம் வாயால் 'ஸ்கின் கலர்' என்று சொன்னால் அவரும் அதே பீச் நிற நூல் கோனைத்தான் எடுத்துப் போடுவார். ஏற்றுமதி ஆர்டரில் அவர் பழகியது அது. வாயால் சொல்லாதீர்கள். நடிகையின் முன்கை உட்புறம், வயிறு, தொடை மூன்றிலும் ஷேடு கார்டு வைத்துப் பார்த்துக் குறித்துக் கொடுங்கள். மூன்றும் ஒரே நிறமாக இருக்காது. மறைப்புத் துணிக்கு வயிறும் தொடையும்தான் கணக்கு, முகம் இல்லை. மேக்கப் போட்ட முகத்துக்குப் பொருத்திச் சாயம் ஏற்றியதால் துணி தனியாகத் தெரிந்துபோவது அடிக்கடி நடக்கும் தப்பு.

லேப் டிப், அதாவது லேப்பில் சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு, வந்ததும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை ட்யூப்லைட்டுக்கான டிஎல்84 என்ற பட்டன்கள் ஏற்றுமதி லேப் எல்லாவற்றிலும் இருக்கும். ஒரு வெளிச்சத்தில் தோலோடு ஒட்டிப்போகும் சாயம் இன்னொன்றில் பச்சையடிக்கும் அல்லது சிவப்படிக்கும். படுக்கையறை செட்டில் 3200 கெல்வின் மஞ்சள் லைட்டும் ஜன்னல் வழியே 5600 கெல்வினும் சேர்ந்து விழும்போது இந்த வித்தியாசம் மானிட்டரில் கத்தி மாதிரி தெரியும். கூடவே யூவி பட்டனையும் ஒருதடவை அழுத்திப் பாருங்கள். ஒளியூட்டி ரசாயனம் போட்ட துணியாக இருந்தால் நீலமாக மின்னும். பார், டான்ஸ் ஃப்ளோர் காட்சியில் யூவி லைட் வைத்தால் மறைக்க வேண்டிய இடம்தான் முதலில் மின்னும்.

இரண்டு மீட்டர் துணிக்காகச் சாயப்பட்டறையில் தனி லாட் போடமாட்டார்கள். லேப்பில் சின்ன அளவாக ஏற்றித் தரக் கேட்கலாம். இல்லையென்றால் காதர்பேட்டைப் பக்கம் கிடைக்கும் ஏற்றுமதி மிச்சத் துணியில் கிட்டத்தட்ட வரும் நிறத்தை எடுத்து, டீத்தூள் சாயத்தில் அரை ஷேடு இறக்கிக்கொள்ளலாம். காட்டனிலும் நைலானிலும் டீச்சாயம் பிடிக்கும், பாலியஸ்டரில் பிடிக்காது. எடுத்த துணி எது என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்தால் காட்டன், உருகி உருண்டால் செயற்கை நூல்.

நிறத்துக்கு மதிப்பெண்: இறக்குமதி பத்துக்கு மூன்று. திருப்பூர், ஒழுங்காகக் கேட்டு வாங்கினால், ஒன்பது.

துணியும் தையலும் அடுத்தது. வெளிப்பக்கம் நைலான் லைக்ரா, 180 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). உட்பக்கம் மெல்லிய காட்டன் சிங்கிள் ஜெர்சி. வெளியேயும் காட்டன் போட்டால் வியர்வையில் நனைந்து அந்த இடம் மட்டும் கருத்துவிடும். உள்ளேயும் நைலான் போட்டால் ஆறு மணி நேரத்தில் தோல் வெந்துபோகும். ஓவர்லாக் அடித்த ஓரம் வேண்டவே வேண்டாம். முண்டு தட்டி, தோலில் ரயில் தண்டவாளம் மாதிரி தடம் விழும். பேட்லாக் எனப்படும் தட்டைத் தையல் (ஃப்ளாட்லாக்) பரவாயில்லை. ஓரம் மடிக்காமல் வெட்டி, பிசின் டேப்பால் ஒட்டிய பாண்டட் ஓரம்தான் சிறந்தது. அந்த மிஷின் எல்லா யூனிட்டிலும் இருக்காது. உள்ளாடை ஏற்றுமதி செய்யும் இடங்களில் இருக்கும். எலாஸ்டிக் கால் இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. இடுப்பில் பட்டையே இல்லாமல் முன்னாலும் பின்னாலும் ஒட்டும் வகை கேட்டால், முன்துண்டு மேலே மூன்று இஞ்சு, பின்துண்டு ஒன்றரை இஞ்சு ஒட்டுப்பரப்பு விடச் சொல்லுங்கள். அதைவிடக் குறைந்தால் உட்கார்ந்து எழும்போது பின்பக்கம் முதலில் விடும்.

இறக்குமதிப் பெட்டியில் கம்பி வைத்த 'சி' வடிவத் துண்டு ஒன்றும் வரும். நின்றுகொண்டு எடுக்கும் ஷாட்டுக்குச் சரி. படுத்தால் கம்பி குத்தும். இரண்டு தடவை வளைந்துவிட்டால் மறுபடி வடிவத்துக்கு வராது. காசுக்குக் கேடு. ஆனால் சிலிக்கான் மூடியில் இறக்குமதிதான் நல்லது. ஓரம் காகிதம் போல மெலிந்து முடிவதால் மேக்கப் ஏறிவிடும்; இங்கே கிடைக்கும் மலிவான மூடிகளின் ஓரம் தடித்து, பக்கவாட்டு லைட்டில் வட்டமாக நிழல் கட்டும்.

நடிகருக்கான நாடா வைத்த பையைத் திருப்பூர் டைலர்கள் பிரமாதமாகத் தைக்கிறார்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை. இடைத்தடுப்பு ஃபோமுக்கும் அங்கேயே வழி இருக்கிறது. பிரா கப்புக்குப் போடும் ஃபோம் ஷீட்டில் ஐந்து, ஆறு மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி, தொடை அகலத்துக்கு வெட்டி, இரண்டு பக்கமும் அதே தோல் நிறத் துணியால் உறை போட்டுக்கொள்ளலாம். இறக்குமதிப் பெட்டியின் சிலிக்கான் தகடு இதைவிட மெல்லியது, வழுக்கும்.

பசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான புகார் இங்கிருந்துதான் வருகிறது. எந்தப் பசையும் வறண்ட, எண்ணெய் இல்லாத தோலில்தான் நிற்கும். நம்மூரில் தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் வைப்பது வழக்கம். முதல் நாள் இரவிலிருந்தே எண்ணெய், லோஷன், பவுடர் மூன்றும் கூடாது என்று கால்ஷீட் அனுப்பும்போதே சொல்லிவிட வேண்டும். ஷேவிங், வேக்ஸிங் அன்றைக்குக் காலையில் செய்தால் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். பசை பட்டதும் எரியும், பிரிக்கும்போது மேல்தோலோடு வரும். குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். ஒட்டுவதற்கு 24 மணி நேரம் முன்னால் முன்கை உட்புறத்தில் ஒரு சின்னத் துண்டை ஒட்டிப் பாருங்கள். சிவந்தால் அந்தப் பசை அந்த நபருக்கு ஆகாது. லேடெக்ஸ் இல்லாதது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதத்து வெயிலில் கோபி கரும்புக் காட்டுக்குள் எடுக்கும் காட்சிக்கு வெறும் பசை நம்பி இறங்காதீர்கள். காற்றில்லாத புழுக்கத்தில் பசை சீக்கிரமே நழுவும். முதலில் பசைக்கும் தோலுக்கும் நடுவில் மெல்லிய படலம் விடும் தோல் தடுப்புத் துடைப்பான் ஒன்றால் துடைத்து, அது காய ஒரு நிமிஷம் விட்டு, மேலே விளையாட்டு வீரர்கள் தசையில் ஒட்டும், மூச்சுவிடும் கினிசியாலஜி டேப், அதற்கு மேல் துணி என்று அடுக்கினால் தாக்குப்பிடிக்கும். ஆழியாறு, அமராவதி மாதிரி தண்ணீரில் இறங்கும் காட்சி என்றால் ஒட்டும் வகையே உதவாது. தைத்து மாட்டும் துணிதான் வேண்டும். ஈரத்தில் ஷேடு ஒரு படி கருக்கும் என்பதால் அதை ஒரு படி வெளிறச் சாயம் ஏற்ற வேண்டும்.

கழற்றுவது ஒட்டுவதைவிடப் பெரிய வேலை. இழுக்கக் கூடாது. ரிமூவர் துடைப்பானை ஓரத்தில் வைத்து, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உருட்ட வேண்டும். ரிமூவர் தீர்ந்தால் பொள்ளாச்சியில் தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம், அதுவும் வேலை செய்யும். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். எண்ணெய் பட்ட சிலிக்கான் மூடியின் பசை அன்றோடு போச்சு. மதிய சாப்பாட்டுக்கு ஒருதடவை கழற்றி மறுபடி ஒட்டுவதானால் எண்ணெயைத் தொடாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று செட் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போட்டதை இன்னொருவருக்குத் துவைத்துக்கூடத் தரக் கூடாது. பெயர் எழுதிய ஜிப் கவரில் போட்டு, கடைசி நாள் கத்தரித்து எறிந்துவிடுங்கள்.

ஒட்டும் வேலையை யார் செய்வது? நடிகையே செய்துகொள்வதுதான் முறை. முதுகுப் பக்கம் மட்டும் அவர் கேட்டால் ஒரு பெண் உதவியாளர். 'அக்கா, புடிச்சிருக்குதுங்களா, எங்கியாச்சும் இழுக்குதுங்களா?' என்று கேட்டு, அவர் சொன்ன பிறகே கை வைக்க வேண்டும். கேரவனுக்கு வெளியே அசிஸ்டென்ட் டைரக்டர் 'ரெடியா, ரெடியா' என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் எந்தப் பசையும் நேராக ஒட்டாது. ஒட்டுவதற்கு அரைமணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். இறுக்கமான உள்ளாடை, லெக்கின்ஸ் ஆகியவற்றைக் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே கழற்றி லூசான நைட்டிக்கு மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் எலாஸ்டிக் தடத்தை மறைக்க மேக்கப்மேன் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும்படி ஆகும்.

இறக்குமதிப் பெட்டி எதிலும் இல்லாத ஒரு பொருள்: அங்கி. எமிலியா கிளார்க் 2019-இல் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில், 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் சீசனைப் பற்றிப் பேசினார். நாடகப் பள்ளி முடித்த கையோடு வந்த வேலை. ஸ்கிரிப்டில் இருக்கிறது என்றால் செய்யத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டதாகவும், பாத்ரூமில் போய் அழுதுவிட்டுத் திரும்பி வந்து நடித்ததாகவும் சொன்னார். அவருக்கு ஒரு அங்கி கொடுங்கள் என்று செட்டில் கேட்டவர் கூட நடித்த ஜேசன் மொமோவா. அது காஸ்ட்யூமர் கேட்டிருக்க வேண்டியது. 'கட்' என்ற சத்தம் முடிவதற்குள் அங்கி தோளில் விழ வேண்டும். அதற்கென்றே ஒரு ஆள், ஃப்ரேமுக்கு இரண்டடி வெளியே. டர்க்கி டவல் துணியில் தைத்தால் கனம், வெயிலில் ஆகாது. ஈரோட்டுக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய காட்டன் துண்டுத் துணியில், முன்னால் முழுதாக மேல்மடிந்து வருகிற மாதிரி, பட்டன் இல்லாமல் ஒரே ஒரு நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பட்டன் போடும் அந்த ஐந்து விநாடிதான் எல்லாரும் பார்க்கிற ஐந்து விநாடி.

இதுவரை துணியால் தீரும் குறை. இனி தீராதது.

'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' படத்துக்கு 2013-இல் கான் விழாவின் உயரிய பரிசு இயக்குநரோடு இரண்டு நடிகைகளுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் மறைப்பு இருந்தது. வார்ப்பெடுத்துச் செய்த செயற்கை உறைகளை அணிந்துதான் இருவரும் நடித்தார்கள். பொருளில் குறை சொல்ல முடியாது. இருந்தும் அதே ஆண்டு லேயா செய்துவும் அதேல் எக்ஸார்கோபுலோஸும் பேட்டி கொடுத்தபோது, அந்தக் காட்சியை எடுக்கப் பத்து நாள் ஆனது, இனி இந்த இயக்குநரோடு வேலை செய்யமாட்டோம் என்றார்கள். உறை இருந்தது. எத்தனை நாள், எத்தனை டேக் என்பதற்கு உறையால் வரம்பு போட முடியாது.

ஒலிவியா ஹஸ்ஸி கதை இன்னும் கூர்மையானது. 1968-இல் வந்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்' படப்பிடிப்பின்போது அவருக்கு 15 வயது. பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் படுக்கையறைக் காட்சி நயமாக எடுக்கப்பட்டது என்றே அவர் பேட்டிகளில் சொல்லி வந்தார். 2022 டிசம்பரில், கூட நடித்த லெனர்ட் வைட்டிங்கும் அவரும் சேர்ந்து பாரமவுன்ட் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். தோல் நிற உள்ளாடை தருவோம் என்று சொல்லிவிட்டு, படப்பிடிப்பு அன்று மேக்கப் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள் என்பது அவர்கள் மனுவில் இருந்த குற்றச்சாட்டு. 2023 மே மாதம் வழக்கு தள்ளுபடியானது. ஆக, இந்த மதிப்புரையில் பேசுகிற அதே துணி, 50 ஆண்டுக்கு முன்னால் வாயால் வாக்களிக்கப்பட்ட பொருளாகக் கோர்ட்டில் வந்து நின்றது. ஒரு நடிகையின் கருத்து ஐம்பது வருஷத்தில் இப்படியும் திரும்பும், அப்படியும் திரும்பும். அதற்கு அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு என்ன சொல்லப்பட்டது என்பதற்கு ஒரு தாள் இருந்திருந்தால் வழக்கில் இரு தரப்புக்குமே உதவியிருக்கும். (இங்கே 18 வயதுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்கீழ் சம்மதக் கடிதம், அப்பா அம்மா கையெழுத்து எதுவும் செல்லாது. கிட்டை எடுத்து உள்ளே வையுங்கள்.)

மரியா ஷ்னைடர் 1972-இல் வந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தில் நடித்தபோது அவருக்கு 19. அதில் வெண்ணெயை வைத்து எடுத்த வன்புணர்வுக் காட்சி ஸ்கிரிப்டில் இல்லாதது, எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் தனக்குச் சொல்லப்பட்டது என்று 2007 பேட்டியில் சொன்னார். ஏஜென்டையோ வக்கீலையோ செட்டுக்கு வரவழைத்திருக்க வேண்டும், ஸ்கிரிப்டில் இல்லாததைச் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று அப்போது எனக்குத் தெரியாது என்பது அவர் சொன்னதன் சாரம். அதில் நடிகைக்கு வராத தகவல்தான் குறை. துணி அங்கே என்ன செய்ய முடியும்?

வெகுதூரம் போக வேண்டாம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கையில் பெயர் சொல்லாத ஒரு நடிகையின் சாட்சியம் இருக்கிறது. நெருக்கமான காட்சி உண்டு என்று மட்டும் சொல்லி, விவரம் சொல்லாமல் இழுத்தடித்து, ஷூட்டிங் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். அவர் சம்பளமும் வேண்டாம் என்று விலகிவிட்டார். எடுத்த காட்சியை அழிக்கக் கேட்டபோது நேரில் வா என்று இயக்குநர் சொன்னதாக அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகையால் இறக்குமதி, திருப்பூர் இரண்டு பெட்டிக்கும் ஒரே குறை: என்ன எடுக்கப்படும் என்று எழுதிய சம்மதத் தாள் உள்ளே இல்லை. தாளுக்கு மதிப்பெண் இரண்டுக்கும் பூஜ்யம். இறக்குமதிப் பெட்டி வருகிற அமெரிக்காவில் தொழிற்சங்க ஒப்பந்தமே தாளைத் தனியாகக் கட்டாயமாக்கியிருப்பதால், பெட்டி விற்பவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அங்கே நடிகர் சங்க விதிப்படி எழுத்தில் சம்மதம் வேண்டும். ரைடர் எனப்படும் அந்தத் தாள் 48 மணி நேரம் முன்னால் கைக்கு வர வேண்டும். செட்டில் தேவையில்லாத ஆள் இருக்கக் கூடாது. ஸ்டில் எடுக்கத் தனிச் சம்மதம் வேண்டும். எடுப்பதற்கு முன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், தயாரிப்பாளர் டூப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே எடுத்ததற்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. நம்மூரில் இதை நாமே எழுதி, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைக்க வேண்டியதுதான். தமிழில் எழுதுங்கள். மேனேஜர் மட்டும் படிக்கிற இங்கிலீஷ் அக்ரிமென்டின் 14-ஆம் பக்கத்தில் இருந்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

என்ன எழுத வேண்டும்? காட்சி எண், ஷாட் எண். கேமரா எந்தப் பக்கம், எந்த லென்ஸ், எங்கிருந்து எங்கே வரை தெரியும். 'முதுகு, இடுப்பு எலும்பு வரை; பக்கவாட்டில் மார்பு தெரியாது' என்கிற அளவுக்கு. 'கதைக்குத் தேவையான கவர்ச்சி' என்ற வரி எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரிக்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். உடலில் எந்தத் துணி, எந்த இடத்தில், எந்த நேரமும் கழற்றப்படாது என்று பொருளின் பெயர் சொல்லி எழுதுங்கள். எத்தனை மணி நேரம், அதிகபட்சம் எத்தனை டேக். மாற்றம் வந்தால் புதுத் தாள், புது 48 மணி நேரம்.

இங்கே சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஏ பிரிவு, படத்தில் தன் நடிப்பைச் சேர்க்க எழுத்தில் சம்மதித்தவர், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளர் அதே படத்தில் அதைப் பயன்படுத்துவதை எதிர்க்க முடியாது என்கிறது. 'மாறான ஒப்பந்தம் இல்லாதவரை' என்ற அந்தத் துண்டுதான் நடிகைக்கு இருக்கும் கதவு. ட்ரெய்லரில் வராது, போஸ்டரில் வராது, யூடியூபில் தனி கிளிப்பாகப் போடமாட்டோம், சென்சாரில் போனதை ஓடிடியிலோ வெளிநாட்டுப் பிரதியிலோ திரும்பச் சேர்க்கமாட்டோம், செயற்கை நுண்ணறிவு வைத்து உடலை மாற்றமாட்டோம் என்பதையெல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். எழுதாவிட்டால் சட்டம் மற்றவர் பக்கம். எடிட் முடிந்ததும், மிக்ஸிங்குக்கு முன்னால், அந்தக் காட்சியை மட்டும் நடிகைக்குப் போட்டுக் காட்டும் வரியையும் சேருங்கள். ஸ்டோன் சொன்ன அந்த அறை நினைவிருக்கட்டும்.

க்ளோஸ்டு செட் விஷயம் ஸ்டுடியோவில் எளிது. 2019-இல் வந்த 'ஆடை' படத்தின் நிர்வாணக் காட்சியின்போது செட்டில் 15 பேர்தான் இருந்தார்கள், அவர்கள் மேல் இருந்த நம்பிக்கையில்தான் நடிக்க முடிந்தது என்று அமலா பால் பேட்டிகளில் சொன்னார். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் 15 பேரோடு நிறுத்துவது வேறு வேலை. ஷூட்டிங் என்றால் வாய்க்கால் மேட்டிலும் மொட்டை மாடியிலும் கூட்டம் நிற்கும். 12 அடிக்கு 12 அடி கருப்புத் துணி ஃப்ரேம் நாலு பக்கமும் கட்டினாலும் மேலே திறந்தே கிடக்கும், மரமேறிகள் வேறு அக்கம்பக்கத் தோப்பில் வேலையாக இருப்பார்கள். தோட்டக்காரரிடம் முதல் நாளே பேசி, 'நாளைக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் காய் பறிக்க வேண்டாமுங்க' என்று சொல்லி, அந்தக் கூலியைப் புரொடக்ஷன் கணக்கில் போட்டுவிடுங்கள். யூனிட் ஆட்களின் போன் கேமரா இரண்டு பக்கமும் ஸ்டிக்கர். ஒயர்லெஸ் வீடியோ ஒரே ஒரு மானிட்டருக்கு மட்டும். மேக்கப், காஸ்ட்யூம் டெண்டில் இருக்கும் மானிட்டர்கள் அணைந்திருக்க வேண்டும். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். செட்டில் எட்டுப் பேர், டெண்டில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எடுத்தது கசிந்தால்? எடுக்கச் சம்மதித்தாலும் பரப்பச் சம்மதிக்காத படத்தைப் பரப்புவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். சைபர் கிரைம் எண் 1930. 2021 ஐடி விதிகள் வந்தபோதே, நிர்வாணப் படத்தைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் தளங்கள் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று கெடு வைத்தன. ஆனால் படத்துக்கென்றே எடுத்து ரிலீஸான காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டுகிறவர்களிடம் இது அவ்வளவு சுலபமாக ஓடாது. பயன்படுத்தாத டேக்குகள் எத்தனை ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன, எந்தத் தேதிக்குள் அழிக்கப்படும், யார் கையெழுத்துப் போட்டு உறுதி செய்வார் என்பதைத் தாளிலேயே வைத்துக்கொள்வது மேல். டிஐடி, அதாவது எடுத்த காட்சிகளை டிஸ்கில் ஏற்றிப் பாதுகாக்கும் டெக்னீஷியன், வழக்கமாக மூன்று பிரதி எடுப்பார். மூன்றையும் எண் போட்டு எழுதுங்கள்.

சல்மா ஹாயெக் 2021-இல் பேசியதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'டெஸ்பராடோ' படத்தில் ஒப்பந்தம் ஆனபோது அந்தக் காட்சி ஸ்கிரிப்டில் இல்லை. செட்டில் ஆட்களைக் குறைத்தார்கள், இயக்குநரும் கூட நடித்தவரும் கனிவாகத்தான் இருந்தார்கள். இருந்தும் அழுகை நிற்கவில்லை, டவலை எடுக்க விடவில்லை, அப்பாவும் சகோதரனும் பார்ப்பார்களே என்பதே மனசில் ஓடியது என்றார். நல்ல ஆட்கள், குறைந்த ஆட்கள், டவல் எல்லாம் இருந்த செட் அது. நம்மூர் நடிகைக்கு அந்த அப்பா, அண்ணன் கணக்கு இன்னும் பெரிசு. காட்சியைப் பற்றிச் சொந்தபந்தத்திடம் சொல்ல அவருக்கு நாள் வேண்டும். 48 மணி நேரம் என்பது குறைந்தபட்சம். அக்ரிமென்டோடு சேர்த்தே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

வாங்குவதைப் பற்றி. சிலிக்கான் மூடி, ரிமூவர், தடுப்புத் துடைப்பான் இவை மட்டும் இறக்குமதி. துணி, பை, ஃபோம், அங்கி எல்லாம் திருப்பூர். ஒரு நடிகைக்கு மூன்று நாள் காட்சி என்றால் ஒட்டும் வகை ஒன்பது, மாட்டும் வகை மூன்று, மூடி ஆறு ஜோடி, அங்கி இரண்டு. லேப் டிப் சரிபார்க்க ஒரு வாரம், சாயம், தையல், மாதிரி போட்டுப் பார்த்துத் திருத்தம் என்று மூன்று வாரம் முன்னால் ஆர்டர் கொடுங்கள். மாதிரியைக் காஸ்ட்யூமர் மேலோ டம்மி மேலோ மாட்டிப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். போடப்போகிறவர் போட்டு உட்கார்ந்து, படுத்து, கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் பவர் டேபிள்கள் எனப்படும் தையல் மிஷின் வரிசைகள் பத்து நாளைக்குச் சும்மா கிடக்கும், அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாம்பிள் டைலரிடம் எதற்கு என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீச்சலுடைக்கு என்று பொய் சொன்னால் அவர் நல்லெண்ணத்தில் ஓரத்துக்கு டபுள் எலாஸ்டிக் வைத்துத் தந்துவிடுவார்.